ஐஸ் பெட்டியோடு போன சார்ஜர்

காலை ஏழு மணிக்கு டி. கல்லுப்பட்டியில் பஸ் ஏறினேன். மடியில் அண்ணனின் லேப்டாப். பையில் தண்ணீர் பாட்டில், ஒரு இட்லிப் பொட்டலம், மூன்று சார்ஜர். மூன்றும் எங்கள் தெருவில் இரவல் வாங்கியவை. மூன்றும் லேப்டாப்பின் ஓட்டையில் அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தும். மூன்றில் எதைக் குத்தினாலும் ஒரு சொட்டு ஏறாது.

எதற்குக் கிளம்பினேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மறுநாள் அண்ணனுக்கு முப்பதாம் நாள். காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனவன், நாலாம் நாள் ஆம்புலன்ஸில் வந்தான். கார்த்தி என்று பெயர். வீட்டிலிருந்தே ஏதோ கம்பெனிக்கு ராத்திரி வேலை பார்த்தான். என்ன வேலை என்று எனக்குத் தெரியாது. பத்தாவதில் கணக்கில் போய், நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போனவள் நான். ராத்திரி முழுக்க அவன் முகத்தில் லேப்டாப் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

முப்பதுக்குப் படையல் போடும்போது செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் வைக்க வேண்டும். பரோட்டா, சுக்கா, குடிக்க ஆரஞ்சு கலர் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் அம்மா, "லேப்டாப்ப வைங்க" என்றாள்.

பெரியப்பா அதை எடுத்துத் திறந்து பார்த்தார். இருட்டாக இருந்தது.

"வைக்கலாம். ஆனா அணைஞ்சு கெடக்கிறத வைக்கக்கூடாது. எங்கப்பாவுக்குப் பீடி வச்சப்ப பத்த வச்சுத்தான வச்சேன்? வேகாத சோத்தப் படைப்பியா?"

"வயரு மாட்டி வச்சா எரியும் பெரியப்பா" என்றேன்.

"அது அடுப்புல இருக்குற சோறு. எறக்கித்தான் படைக்கணும். முழுசா ஏத்தி, வயரக் கழட்டிட்டு வை."

அம்மா என்னைப் பார்த்தாள். அவன் போனதிலிருந்து அவள் எதையுமே கேட்டதில்லை. சோறு, தண்ணீர்கூடக் கேட்டதில்லை. கேட்டது இது ஒன்றுதான்.

சிக்கல், லேப்டாப்பின் சொந்தச் சார்ஜரைக் காணோம். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடிய பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. அண்ணனை வைத்திருந்த ஐஸ் பெட்டி திருமங்கலத்திலிருந்து வாடகைக்கு வந்தது. எங்கள் வீட்டு நடு அறையில் ஒரே ஒரு பிளக் போர்டுதான் உருப்படி. அதனால் அண்ணனின் லேப்டாப் சார்ஜர் குத்தியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஐஸ் பெட்டியின் வயரையும் குத்தினார்கள். எடுத்து முடித்ததும் பெட்டிக்காரர்கள் அங்கே கிடந்த எல்லா வயரையும் மொத்தமாகச் சுருட்டிக்கொண்டு போனார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த நேரத்தில் வீட்டையே சுருட்டிக்கொண்டு போயிருந்தாலும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

கல்லுப்பட்டியிலிருந்து திருமங்கலம் இருபது கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் இருபது ரூபாய். ஊர் எல்லை ஆசிரமத்தைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சோளக்காடு. மழை இல்லாமல் தாள் மஞ்சளாக நின்றது. பக்கத்து சீட்டில் உரக்கடையில் வேலை பார்க்கிற ஒரு அண்ணன். ஆலம்பட்டி வருவதற்குள் என் கதை முழுவதையும் வாங்கிவிட்டார்.

"இதுக்கா தங்கச்சி இம்புட்டு அலைச்சல்? எங்கிட்ட எம்பது வாட்ஸ் இருக்கு. கழுத, வெள்ளம் மாதிரி ஏறும்."

"எங்க தெருவுல இருக்குறதும் அறுவது, எழுவதுன்னுதாண்ணே சொன்னாங்க."

"அதெல்லாம் டூப்ளிகேட்டு. இது போன் பெட்டிக்குள்ளயே வந்தது."

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு டீக்கடையில் இரண்டு டீ சொல்லி, கேட்டுக்கொண்டு பிளக்கில் தன் சார்ஜரைக் குத்தினார். லேப்டாப்பின் ஓரத்தில் ஆரஞ்சு விளக்கு ஒன்று மூன்று முறை கண் சிமிட்டியது. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். விளக்கு அணைந்துவிட்டது. திரும்பக் குத்தினார். திரும்பச் சிமிட்டியது, அணைந்தது.

"அரை மணி நேரத்துல என் போன ரொப்பிரும்" என்றார்.

"போன ரொப்புதுண்ணே. இத ரொப்பலையே."

"இந்தக் கடையில கரண்டு சரியில்ல."

டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்தினார். "நேத்து டீ சரியில்லன்ன. இன்னிக்கிக் கரண்டு. பாக்கியக் குடுத்துட்டு வேற கடை பாத்துக்க மாப்ள."

நான் எனக்கான டீக்குப் பதினைந்து ரூபாயை வைத்துவிட்டு நழுவினேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரிலேயே ஒரு செல்போன் கடை. பெட்டிக்காரர் கடை திறக்க நேரம் இருந்ததால், புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமா என்று ஏறினேன். கடைக்காரர் கண்ணாடி மேசைமேல் ஆறு சார்ஜரைப் பரப்பினார். எல்லாவற்றுக்கும் முனையில் ஒரே தட்டை மூக்கு. ஒவ்வொன்றாகக் குத்தினார். ஐந்து சிமிட்டக்கூட இல்லை. ஆறாவதில் விளக்கு நின்று எரிந்தது. திரை வந்தது, ஓரத்தில் ஒரு சதவீதம் என்று காட்டியது. பத்து நிமிடம் நின்றோம். ஒரு சதவீதம்தான். சார்ஜர் மட்டும் தோசைக்கல் மாதிரிக் காய்ந்தது.

"இதுல அறுவத்தஞ்சுன்னு போட்டுருக்குல்ல?" என்றார்.

"போட்டுருக்குண்ணே. ஏறலையே."

"போட்டது கம்பெனிக்காரன். ஏறாதது உங்க லேப்டாப்பு. நடுவுல நான் என்னம்மா செய்ய?"

ஐஸ் பெட்டிக் கடை தேவர் சிலைப் பக்கமா, ரயில்வே கேட் பக்கமா என்று விசாரிக்க நேர்ந்தபோதுதான் ஒன்று தெரிந்தது: அந்தக் கடைக்கு வழி கேட்டால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஒரு பூக்காரம்மா வழியும் சொல்லி, ஒரு முழம் பூவையும் சும்மா கொடுத்துவிட்டாள். நான் வாங்கித் தலையில் வைக்காமல் பையில் போட்டுக்கொண்டேன்.

கடைக்காரர் பெயர் பாண்டி. சாமியானா, நாற்காலி, ஐஸ் பெட்டி மூன்றும் வாடகைக்கு விடுகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "எந்த ஊரும்மா? எத்தன மணிக்கு?" என்றார்.

"யாரும் சாகலண்ணே. போன மாசமே செத்துட்டாங்க. சார்ஜர் தேடி வந்தேன்."

அவர் உட்கார்ந்தார். பிறகு மூலையில் இருந்த நீல பிளாஸ்டிக் டிரம்மைக் காட்டினார். அதற்குள் இருந்த வயர்களைப் பார்த்தால் எங்கள் தாலுகாவுக்கே கரண்ட் கொடுக்கலாம். போன் சார்ஜர், மிக்ஸி வயர், கொசு மருந்து மிஷின், சீரியல் பல்பு, ஒரு இஸ்திரிப் பெட்டி.

"இஸ்திரிப் பெட்டி எப்படிண்ணே?"

"வயரு இருந்துச்சு, சுருட்டிட்டானுக. எல்லாம் எழவு வீட்டுலருந்து வந்ததும்மா. நானும் பத்திரமாத்தான் வச்சிருக்கேன். ஒருத்தரும் கேட்டு வாரதில்ல. எங்க கடைக்கி ரெண்டாந்தடவ யாரு ஆசையா வருவா?"

டிரம்மைக் கவிழ்த்துத் தேடினேன். இல்லை. எப்படி இருக்கும் என்று கேட்டார். கறுப்பு, சோப்புக் கட்டி அளவு, நீள வயர் என்றேன். அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டார்.

"அது பெரிய பெட்டியோட வயர்ச் சுருட்டுலயே கெடக்குது. நான் எத்தனையோ நாள் பாத்துருக்கேன். அந்தப் பெட்டி விடியக்காலைல மதுர கே.கே. நகருக்குப் போயிருச்சே. ஒரு டீச்சரம்மா. இன்னிக்கி எடுத்தாலும் பெட்டி நாளைக்கித்தான் கடைக்கி வரும், வாங்கிக்கலாம்."

"நாளைக்கி மத்தியானம் படையல்ணே. அதுக்குள்ள முழுசா ஏறணும்."

அவர் மேசையில் பேனாவைத் தேடி எடுத்தார். துண்டுச் சீட்டில் முகவரி எழுதிக் கொடுத்தார். "போனா மொதல்ல கும்புட்டுரு. பெறகு வயரப் பாரு. வரிசய மாத்திராத."

திருமங்கலத்திலிருந்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஒரு சார்ஜருக்காக முன்பின் தெரியாத எழவு வீட்டுக்குப் போகிறோம் என்கிற வெட்கம் திருப்பரங்குன்றம் வரைக்கும் இருந்தது. பசுமலையில் கூட்டம் ஏறி லேப்டாப்பை நசுக்க ஆரம்பித்ததும் வெட்கம் போய்விட்டது. பெரியாரில் இறங்கி ஷேர் ஆட்டோ. டிரைவர் இருபது ரூபாய் கேட்டார். கே.கே. நகர் ஆர்ச்சுக்கு உள்ளே எந்தத் தெரு என்றார். முகவரியைக் காட்டினேன்.

"டீச்சர் வீடா? காலைலருந்து நாலு நடை அடிச்சுட்டேன். படிச்ச புள்ளயா நீ அவங்ககிட்ட?"

"இல்லண்ணே."

"சொந்தமா?"

"இல்லண்ணே."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டார். இறங்கும்போது இருபது ரூபாயில் பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அன்று எனக்கு எல்லாமே குறைந்த விலைதான். முகம் அப்படி இருந்திருக்கும்.

மணி பதினொன்றரை. கே.கே. நகரைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தெருவுக்கு இரண்டு ஆஸ்பத்திரி, வீட்டுக்கு இரண்டு ஸ்கூட்டர், எல்லாக் காம்பவுண்டிலும் ஒரு பெயர்ப் பலகை. எழவு வீட்டில்கூடச் செருப்பை வரிசையாகத்தான் விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பறை, வெடி, மைக் செட் என்று பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிடும். இங்கே செபமாலைச் சத்தம் மட்டும் கேட்டது.

வாசலைத் தாண்டியதுமே ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் தோளிலிருந்து இன்னொருவர் வாங்கிக்கொண்டார். கை மாறி, கை மாறி, ஐஸ் பெட்டி முன்னால் போய் நின்றேன். அதே பெட்டி. மூடியின் ஓரத்தில் இருந்த கீறல்கூட அதே கீறல். டீச்சர் வெள்ளைச் சேலையில், மூக்குக் கண்ணாடியோடு படுத்திருந்தார். கும்பிட்டேன். பையில் இருந்த பூ நினைவு வந்து, எடுத்துக் காலடியில் வைத்தேன். பாண்டி அண்ணன் சொன்ன வரிசைப்படி, அதற்குப் பிறகுதான் குனிந்து வயரைப் பார்த்தேன்.

கறுப்பு, சோப்புக் கட்டி அளவு, நீள வயர். இழுத்து முனையைப் பார்த்தேன். உருண்டை மூக்கு. ஏதோ ஒரு வீட்டு வைஃபை பெட்டியின் சார்ஜர். அது யார் செத்ததற்குச் சுருட்டிய வயரோ.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் போன அன்று அம்மாவைப் பிடித்துக்கொண்டிருந்ததில் நான் அழவே இல்லை. இப்போது பெட்டி, கீறல், உருண்டை மூக்கு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. இரண்டு பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். "எவ்வளவு பாசம் பாருங்க" என்று யாரோ சொன்னார்கள். செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட எனக்காகக் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினார்கள்.

டீச்சரின் மகள் தண்ணீர் கொண்டுவந்தார். ஸ்டெல்லா என்று பெயர், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"அம்மாகிட்ட எந்த வருஷம் படிச்சம்மா?"

பொய் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். வரவில்லை.

"படிக்கலக்கா. நான் சார்ஜர் தேடி வந்தேன்."

"என்ன?"

"எங்கண்ணனும் இந்தப் பெட்டியிலதான் இருந்தான். அவன் லேப்டாப் சார்ஜர் இதோட வந்துருச்சு. நாளைக்கி முப்பது. வந்து பாத்தா, இது வேற சார்ஜர்."

ஸ்டெல்லா அக்கா என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். சன்னல் வழியாகத் தெரிந்தது: படுக்கையறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்து முடித்ததும் அழுதார். பிறகு என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

லேப்டாப்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நான் கொண்டுபோன மூன்று சார்ஜரையும் கட்டிலில் வைத்து, உரக்கடை அண்ணனின் எண்பதையும் செல்போன் கடை அறுபத்தைந்தையும் சொன்னேன்.

"இதெல்லாம் போன் சார்ஜர். எண்பது வாட்ஸ்னு போட்டிருந்தா அதோட சொந்தப் போனுக்கு மட்டும்தான் எண்பது. வேற யாரு வந்து கேட்டாலும் கொஞ்சூண்டுதான் தரும்."

"எங்க சித்தப்பா மாதிரி" என்றேன். "பொண்டாட்டி வீட்டுக்கு மோதிரம் போடுவாரு. எங்க வீட்டுக்கு வந்தா அரைக் கிலோ காராச்சேவு."

"கடையில பாத்தது அறுபத்தஞ்சுன்னு அட்டைல போட்டிருக்கும், உள்ள இருக்காது. லேப்டாப்புக்கு ஆகுற சார்ஜர் எப்படின்னா, குத்துனதும் ரெண்டும் பேசிக்கும். உனக்கு எவ்வளவு வேணும்னு சார்ஜர் கேட்கும், லேப்டாப் சொல்லும், அதுக்கப்புறம்தான் தரும்."

"பந்தியில கேட்டுப் பரிமாறுற மாதிரி."

"அதேதான்."

தன் பையிலிருந்து வெள்ளையாக ஒரு சார்ஜரை எடுத்தார். அவருடைய லேப்டாப் வேறு கம்பெனி, இந்தச் சார்ஜர் இரண்டுக்கும் சேராத மூன்றாவது கம்பெனி. பெயர்கூட நான் கேள்விப்படாதது. கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக்கில் குத்தினார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. சிமிட்டவில்லை. இரண்டு பேரும் திரையின் ஓரத்தைப் பார்த்தோம். இரண்டு சதவீதம். மூன்று. நான்கு.

"இது எதுக்குப் படையல்ல?" என்று கேட்டார். வேகாத சோறு, பத்த வைத்த பீடி எல்லாவற்றையும் சொன்னேன்.

"எங்கள்ல படையல் கிடையாது. பூசை வைப்போம்." லேப்டாப்பை நேராக நகர்த்திவிட்டு, "வச்சா அம்மாவுக்கு என்ன வைக்கிறது? விடைத்தாள் கட்டுதான் வைக்கணும். திருத்தாம விடமாட்டா" என்றார்.

முழுதாக ஏற இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை சும்மா இருக்க முடியவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்தேன், நாற்காலி நகர்த்தினேன். சர்ச் சாமியார் வந்து செபித்தார். எடுக்கும் நேரத்தில் பெட்டிக்காரர்கள் வந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். நான் பிளக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"அண்ணே, இது வீட்டு வயரு. இது டேபிள் ஃபேனு. இது அந்த அக்கா போன். உங்களோடது பெட்டியிலருந்து வர்ற இந்தத் தடி வயரு ஒண்ணுதான்."

"நீ யாரும்மா?"

"போன மாசக் கிராக்கி" என்றேன்.

எல்லோரும் கல்லறைக்குக் கிளம்புவதற்குள் நூறு ஆனது; லேப்டாப்பை அணைத்துப் பையில் வைத்தேன். ஸ்டெல்லா அக்கா சார்ஜரையும் சுற்றிக் கையில் கொடுத்தார். நான் வாங்கவில்லை. எழவு வீட்டிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகக் கூடாது. 'போயிட்டு வாரேன்' என்றும் சொல்லக் கூடாது. அதனால் கையைப் பிடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நடந்தேன். ஆர்ச் தாண்டும்போதுதான் உறைத்தது: நூறு சதவீதம் கரண்ட்டையும் அந்த வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டு போகிறேன். பெரியப்பாவுக்குத் தெரிந்தால் எறக்கிவிட்டு வா என்பார்.

எழவு வீட்டுக்குப் போனதை அம்மாவிடம் மட்டும் சொன்னேன். வீட்டுக்குள் விடவில்லை. வெளிக்குழாயில் தலைக்குக் குளிக்க வைத்தாள். பிறகு லேப்டாப்பைப் பார்த்தாள். அதைக் குளிப்பாட்ட முடியாது என்று அவளுக்கும் தெரியும். மஞ்சள் தண்ணீரில் விரலை நனைத்து, மூடிமேல் இரண்டு சொட்டு வைத்து, உடனே முந்தானையால் துடைத்தாள்.

மறுநாள் மத்தியானம் இலை போட்டோம். பரோட்டா, சுக்கா, ஆரஞ்சு கலர். நடுவில் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். நீல வெளிச்சம் அண்ணன் போட்டோ மேல் விழுந்தது. பெரியப்பா குனிந்து பின்னால் வயர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் திருப்தியானார்.

"எம்புட்டு இருக்கு?" என்றாள் அம்மா.

"தொண்ணூத்தொம்பது."

சாம்பிராணி போட்டுவிட்டு, அவன் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே நின்றோம். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியப்பா மூன்று முறை கதவைத் தட்டித் திறந்தார். லேப்டாப் திரை இருட்டாக இருந்தது.

ஆளில்லாமல் விட்டால் அது தானாக அணையும் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் பெரியப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "பாத்துட்டு மூடிட்டான்" என்றார்.

அம்மா முன்னால் போய் உட்கார்ந்து, ஒரு விரலால் தொட்டாள். திரை எரிந்தது. வெளிச்சம் இப்போது அவள் முகத்தில் விழுந்தது.

"இப்ப எம்புட்டு இருக்கு?"

ஓரத்தில் பார்த்தேன். "தொண்ணூத்தேழு."

அவள் விரல்விட்டு எண்ணவில்லை. இலையில் இருந்த பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு எடுத்திருக்கான்" என்றாள்.